பிள்ளை பெற்ற பின்: தமிழ்நாட்டில் தாய்மார் கவனிப்பின் வரலாறு

தமிழ்நாட்டில் பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்வது நெடுங்காலம் தாய்வீட்டின் வேலையாகவே இருந்தது. அரசும் மருத்துவமனையும் அதில் பங்கெடுக்கத் தொடங்கிச் சுமார் நூற்றெண்பது ஆண்டுகள்தான் ஆகின்றன. அந்தப் பங்கும் ஒரேயடியாக வந்துவிடவில்லை. முதலில் பிரசவத்தைப் பார்க்க வந்தார்கள், பிறகு காய்ச்சலைத் தடுக்க, அதன்பின் குடும்பக் கட்டுப்பாட்டைப் பரப்ப. பெற்றவளின் உடம்பு தேறுகிறதா என்று பார்ப்பதற்கென்றே ஒரு செவிலியர் குறித்த நாட்களில் வீடு தேடி வரும் ஏற்பாடு இவற்றுக்கெல்லாம் பிந்தியது.

பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்களில் ஆபத்து நாளுக்கு நாள் உருமாறும். நஞ்சு விழுந்தவுடன் கருப்பை சுருங்கி இறுக வேண்டும். இறுகாவிட்டால் சில மணி நேரத்துக்குள் உயிரே போகுமளவுக்கு உதிரம் போய்விடும். பேறுகால இரத்தப்போக்கால் நேரும் சாவுகளில் பெரும்பாலானவை முதல் 24 மணி நேரத்துக்குள் நேர்பவை. இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் ஆபத்து முதல் இரண்டு நாட்களில் அதிகம். கிருமித்தொற்றின் காய்ச்சல் பெரும்பாலும் இரண்டாம் நாளுக்குப் பிறகுதான் தலைகாட்டும். பால் கட்டி மார்பில் சீழ் வைப்பதும், காலில் இரத்தம் உறைவதும், சோகை முற்றுவதும், மனம் சோர்ந்துபோவதும் அடுத்தடுத்த வாரங்களில் வருபவை. கருப்பை பழைய அளவுக்குத் திரும்ப ஆறு வாரம் ஆகும். பிரசவமான 42 நாட்களுக்குள் நேரும் சாவையும் தாய் மரணம் என்று உலகெங்கும் கணக்கிடுவது இந்த ஆறு வாரங்களை மனத்தில் வைத்துத்தான். ஊர்வழக்கின் நாற்பது நாள் கணக்கும் ஏறக்குறைய இதே எல்லையில் வந்து நிற்கிறது.

இந்த நாட்களைத் தனியாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் தமிழில் மிகப் பழையது. தொல்காப்பியத்தின் கற்பியல், மகனைப் பெற்றவள் புனிறு (ஈன்ற அணிமை) தீரும் பொழுதில் எண்ணெய் பூசிக் குளிக்கும் நெய்யணியைத் தலைவன் கூற்றுக்குரிய தருணங்களுள் ஒன்றாக வைக்கிறது. நற்றிணையின் 370ஆம் பாடலில் பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் வீட்டில் நெய்யோடு சேர்ந்து வெண்சிறுகடுகு மின்னுகிறது. ஐயவி எனப்பட்ட அந்தக் கடுகைக் காவற்பொருளாகவும் பழந்தமிழர் கருதினர். இரண்டுமே அகத்துறை சார்ந்தவை. கணவனின் நெருக்கமும் ஏக்கமுமே அவற்றின் பொருள், மருத்துவம் அன்று. ஆயினும் பிள்ளை பெற்ற உடம்புக்கு எண்ணெய்க் குளியலும் தனி இடமும் காவலும் உண்டு என்பது அன்றே எல்லாருக்கும் தெரிந்த செய்தி என்பதை இவை காட்டுகின்றன.

அண்மைக் காலம் வரை நீடித்த ஊர்வழக்கு இன்னும் விரிவானது. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்புச் செய்து தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். செலவு தாய்வீட்டாருடையது. பிரசவம் பார்க்க ஊர் மருத்துவச்சி வருவாள். பல மாவட்டங்களில் இவள் மருத்துவர் என்றும் நாவிதர் என்றும் அழைக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவள். ஆண்கள் முடிதிருத்தினார்கள், பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். வேறு ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த முதிய பெண்கள் இந்த வேலையைச் செய்தார்கள். கூலி நெல்லாகவும் சேலையாகவும் வெற்றிலைத் தட்டில் வைத்த காசாகவும் வந்தது.

மருத்துவச்சியின் வேலை தொப்புள்கொடி அறுத்ததோடு முடிந்துவிடுவதில்லை. அதன் பிறகும் பல நாள் அவள் வந்துபோவாள். நொச்சியும் வேப்பிலையும் புளிய இலையும் போட்டுக் கொதிக்கவைத்த வேதுநீரை இடுப்பில் ஊற்றிக் குளிப்பாட்டுவாள். எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடுவாள். வயிற்றைப் பழஞ்சேலையால் இறுக்கிக் கட்டுவாள். குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகை காட்டி, துணியில் சுற்றித் தாயிடம் கொடுப்பாள். தீட்டுத் துணிகளைத் துவைப்பதும் பல இடங்களில் அவள் பொறுப்பு அல்லது வண்ணார் சமூகப் பெண்ணின் பொறுப்பு. பிரசவ அறைக்குள் வீட்டாரே கால்வைக்கத் தயங்கிய நாட்களில், உதிரப்போக்கு எவ்வளவு, துர்நாற்றம் உண்டா, காய்ச்சல் அடிக்கிறதா, பால் சுரந்ததா என்று அன்றாடம் பார்த்தவள் அவள் ஒருத்திதான். இன்று செவிலியர்களின் சரிபார்ப்புப் பட்டியலில் இருக்கும் கேள்விகளில் பலவும் இவையே.

சாப்பாடு தனி விவகாரம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை முதலியவற்றை இடித்துக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் நெய்யும் சேர்த்துக் கிளறிய லேகியம் காலையில் வெறும் வயிற்றில் கிடைக்கும். ‘பிள்ளை பெற்ற மருந்து’ என்றே பல ஊர்களில் அதற்குப் பெயர். கொங்குப் பகுதியில் இதே வகைச் சரக்குகள் செலவு ரசமாகும். தென்மாவட்டங்களில் பூண்டு முன்னால் நிற்கும். கடற்கரையில் பால் சுறாவைப் புட்டாக்கிக் கொடுத்தால் பால் ஊறும் என்பார்கள். மரக்கறி உண்ணும் வீடுகளில் பூண்டுக் குழம்பும் பத்திய ரசமும் அந்த இடத்தைப் பிடித்தன. குளிர்ச்சியானவை என்று கருதப்பட்ட காய், கனி, தயிர் எல்லாம் விலக்கு.

இந்த வழக்கங்களை மொத்தமாகப் போற்றுவதும் மொத்தமாகத் தள்ளுவதும் இரண்டும் பிழை. தாய்வீட்டு ஓய்வும், வேலையிலிருந்து விடுதலையும், அடுத்த கருவைத் தள்ளிப்போட்ட இடைவெளியும், வெளியாட்கள் வந்து தொடாத அறையும் உண்மையிலேயே உயிர் காத்தவை. ஆனால் வயிறு புண்ணாக இருக்கிறது என்று சொல்லித் தண்ணீரைக் குறைத்தது பால் கொடுப்பவளுக்கு வதை. சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சேனை என்று சர்க்கரைத் தண்ணீரைக் குழந்தையின் நாவில் தொட்டுவைத்தது, முதல் தடுப்பு மருந்தைக் கொட்டிவிட்டுக் கிருமியை ஊட்டியதற்குச் சமம். கதிர் அரிவாளால் கொடியறுத்து அதன்மேல் சாம்பலோ சாணமோ வைத்த இடங்களில் பிறந்த ஏழெட்டு நாளில் குழந்தைகள் விறைத்துச் செத்தன. ஊரில் அதற்குத் தோஷம், மாந்தம் என்று பெயர்கள் இருந்தன. அது தனுர்வாயு, அதாவது டெட்டனஸ் என்பது மருத்துவம் பின்னாளில் சொன்னது. தாயைக் கொன்ற காய்ச்சலுக்கு ஜன்னி என்று பெயர்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. நாற்பது நாள் ஓய்வு என்பது நிலமும் நெல்லும் உள்ள வீடுகளின் வழக்கம். நடவுக்கும் அறுப்புக்கும் போனால்தான் அடுப்பெரியும் என்றிருந்த வீடுகளில் பிள்ளை பெற்றவள் சில வாரங்களுக்குள் வயலில் இறங்கினாள், வரப்போர மரத்தில் தூளி கட்டினாள். லேகியத்துக்கு நெய் வாங்கக் காசில்லாத வீட்டில் சுக்கும் கருப்பட்டியும் மட்டும் மருந்தாயின. பாரம்பரியப் பேறுகாலக் கவனிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதல் வகை வீட்டையே பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

மருத்துவமனை இந்தக் கதைக்குள் நுழைவது 1844இல். அந்த ஆண்டு சென்னை எழும்பூரில் மெட்ராஸ் லையிங்-இன் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. 1882இல் இப்போதுள்ள இடத்துக்கு மாறி, பின்னர் அரசு பெண்கள் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையாக வளர்ந்தது இதுதான். லையிங்-இன் என்பது ஐரோப்பிய வழக்கப்படி பிரசவத்தையும் அதன்பின் படுக்கையில் கழிக்கும் பத்துப் பன்னிரண்டு நாட்களையும் சேர்த்துக் குறித்தது. வறிய ஐரோப்பியப் பெண்களும் யூரேசியப் பெண்களும் கிறித்தவப் பெண்களும் முதலில் வந்தார்கள். சாதி இந்துக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் ஆண் மருத்துவர்கள் நடமாடும் இடத்துக்குப் பெண்களை அனுப்ப நெடுங்காலம் மறுத்தன.

அன்றைய நிலையில் அந்த மறுப்பு முழு மூடத்தனமும் அல்ல. ஐரோப்பாவிலேயே பேறுகால விடுதிகள் சாவுக்குப் பேர்போனவையாக இருந்தன. ஸ்காட்லாந்தின் அபர்தீனில் அலெக்சாண்டர் கோர்டன் 1795இலேயே, பேறுகாலக் காய்ச்சலைப் படுக்கையிலிருந்து படுக்கைக்குக் கொண்டுபோவது மருத்துவரும் செவிலியும்தான் என்று எழுதினார். யாரும் கேட்கவில்லை. வியன்னா பொது மருத்துவமனையின் முதல் பேறுகாலப் பிரிவில் 1846இல் நூற்றுக்குப் பதினொரு தாய்மார் இறந்தார்கள். பிணஅறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வந்த மாணவர்களை இக்னாஸ் செம்மல்வைஸ் 1847இல் குளோரின் கரைசலில் கை கழுவச் செய்தார். மறு ஆண்டு அந்த விகிதம் நூற்றுக்கு ஒன்றரைக்கும் கீழே வந்தது. அவருடைய சக மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை. லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் தாம் தொடங்கிய பேறுகால வார்டைக் காய்ச்சல் சாவுகளால் மூட நேர்ந்த பிறகு, 1871இல் வெளியிட்ட நூலில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல், விடுதிப் பிரசவத்தைவிட வீட்டுப் பிரசவத்தில் சாவு குறைவு என்று புள்ளிவிவரத்தோடு காட்டினார். எழும்பூர் விடுதி வேரூன்றிய காலமும் இதுவே.

சென்னையில் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுக்க அரசு 1854இல் அனுமதி தந்தது. இந்தியாவில் அரசு சார்பில் நடந்த இத்தகைய முயற்சிகளில் இது மிக முந்தியது. பயிற்சி பெற்றவர்கள் பெரும்பாலும் யூரேசிய, கிறித்தவப் பெண்கள். தெருவுக்குள் தலைமுறை தலைமுறையாக வந்துபோன மருத்துவச்சி அந்தப் பள்ளிக்குள் வரவில்லை. பெண் மருத்துவர் இருந்தால்தான் பெண்கள் வருவார்கள் என்பதை முதலில் புரிந்துகொண்டவர்களுள் ஒருவர் மேரி ஷார்லீப். ஒரு வழக்கறிஞரின் மனைவியாகச் சென்னைக்கு வந்த அவர் 1875இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார், பிறகு லண்டனில் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1885இல் அவர் முயற்சியில் தொடங்கியது சாதி இந்துப் பெண்களுக்கும், திரைமறைவில் வாழ்ந்த கோஷா பெண்களுக்குமான விக்டோரியா மருத்துவமனை. திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக நிற்பது அதுவே, ஆனால் ஊரார் வாயில் இன்றும் கோஷா ஆஸ்பத்திரிதான். எந்தச் சாதிப் பெண்ணுக்கு என்று பெயரிலேயே எழுதிவைத்து ஒரு மருத்துவமனையைத் திறக்க வேண்டியிருந்தது அக்காலத்தைப் பற்றி நிறையச் சொல்கிறது.

அதே 1885இல் வைஸ்ராயின் மனைவி டஃப்ரின் சீமாட்டியின் பெயரில் பெண்களுக்கான மருத்துவ உதவி நிதி தொடங்கியது. 1903இல் கர்சன் சீமாட்டி தொடங்கிய விக்டோரியா நினைவு உதவித்தொகை நிதி, நாட்டு மருத்துவச்சிகளுக்கே பயிற்சி கொடுக்க முனைந்தது. பயிற்சி எங்கும் மெதுவாகவே நகர்ந்தது. வயதான பெண்கள் வரமாட்டார்கள், வந்தால் பிழைப்புக் கெடும், வந்தவர்களும் பழைய முறைக்கே திரும்பினார்கள் என்பவை அந்நிதியின் அனுபவம். அந்நிதி 1918இல் தொகுத்து வெளியிட்ட அறிக்கை நூலில் நாட்டு மருத்துவச்சியின் அழுக்குக் கையும் அறியாமையும் பக்கம் பக்கமாக வருகின்றன. அவற்றில் உண்மை உண்டு. ஆனால் கை கழுவாத மருத்துவர்களால் ஐரோப்பிய விடுதிகளில் தாய்மார் செத்து இரண்டு தலைமுறைதான் ஆகியிருந்தது என்ற நினைவு அந்த எழுத்துகளில் அரிதாகவே தட்டுப்படுகிறது. பழி முழுவதும் கிராமத்துக் கிழவியின் தலையில் விழுந்தது. அவள் பத்து நாள் வந்து குளிப்பாட்டியது யாருடைய கணக்கிலும் ஏறவில்லை.

திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு மருத்துவம் படிக்கப் போன ஐடா ஸ்கடர் வேலூரில் எழுப்பிய மருத்துவமனை பலரும் அறிந்த கதை. ஊர் ஊராகச் சென்று அவர் நடத்திய சாலையோரச் சிகிச்சை முகாம்கள், மருத்துவமனை வாசலைத் தாண்டிப் போய்ப் பெண்களைப் பார்க்கும் வழக்கத்துக்கு முன்னோடி. வேலூரின் சமூக மருத்துவம் பின்னாளில் இதிலிருந்தே கிளைத்தது.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் சென்னை நகரம் தாய்சேய் நலத்தைத் தன் வேலையாக ஏற்றது. மாநகராட்சியின் தாய்சேய் நல நிலையங்கள் தெருக்களுக்குள் வந்தன. பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் வீட்டுக்கே போய்ப் பிரசவம் பார்த்தார்கள், பிறகும் சில நாள் சென்று பார்த்தார்கள். 1920களில் குழந்தை வாரம் என்ற பெயரில் கொழுகொழுவென்ற குழந்தைகளுக்குப் பரிசு கொடுக்கும் கண்காட்சிகள் நடந்தன. 1926இல் மெட்ராஸ் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் வந்து பதிவு முறையை நிறுவியது. முத்துலட்சுமி ரெட்டி 1912இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று எழும்பூர் மருத்துவமனையில் பணியாற்றியவர். 1927இல் சட்டமேலவைக்குள் நுழைந்து பெண்கள், குழந்தைகள் நலனை அங்கே பேசுபொருளாக்கினார். எழும்பூரில் பணியாற்றிய ஆற்காடு லட்சுமணசுவாமி முதலியார் 1930களின் தொடக்கத்தில் சென்னை நகரத்துத் தாய் மரணங்களின் காரணங்களை ஆராய்ந்தார். 1938இல் அவர் எழுதிய மகப்பேற்று மருத்துவப் பாடநூல் திருத்தங்களோடு இன்றும் மாணவர் கைகளில் இருக்கிறது.

அதே பத்தாண்டில் மருந்தும் மாறியது. 1930களின் நடுவில் சல்ஃபா மருந்துகள் பேறுகாலக் காய்ச்சலை முறித்தன. 1935இல் பிரித்தெடுத்த எர்கோமெட்ரின் கருப்பையைச் சுருங்கவைத்து உதிரத்தை நிறுத்தியது. பின்னால் பெனிசிலினும் இரத்தம் ஏற்றும் வசதியும் வந்தன. மருத்துவமனைப் பிரசவம் வீட்டுப் பிரசவத்தைவிடப் பாதுகாப்பானது என்று தயங்காமல் சொல்ல முடிந்தது இதற்குப் பிறகுதான். ஆனால் மருந்துகள் நகரத்தைத் தாண்டவில்லை. போர் (Bhore) என்பவர் தலைமையிலான சுகாதார ஆய்வுக் குழு 1946இல் அளித்த அறிக்கை, பிரிட்டிஷ் இந்தியாவில் ஆயிரம் பிரசவத்துக்கு 20 தாய்மார் இறப்பதாகவும் ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் பெண்கள் இப்படி மடிவதாகவும் மதிப்பிட்டது. லட்சுமணசுவாமி முதலியார் அந்தக் குழுவில் உறுப்பினர்.

வேலைக்குப் போகும் தாய்க்குச் சட்டம் தந்த ஓய்வின் கதை தனியே ஓடியது. 1919இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் பெண்ணை வேலை வாங்கக் கூடாது என்றது. பம்பாய் மாகாணம் 1929இல் மகப்பேற்று உதவிச் சட்டம் கொண்டுவந்தது, மெட்ராஸ் 1934ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதைப் பின்பற்றியது. சுதந்திர இந்தியாவின் 1961ஆம் ஆண்டுச் சட்டம் 12 வார விடுப்பும், குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளையும் தந்தது. 2017இல் விடுப்பு 26 வாரம் ஆனது. தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2011இல் ஆறு மாதம், 2016இல் ஒன்பது மாதம், 2021இல் பன்னிரண்டு மாதம் என்று அது வளர்ந்தது. வயலிலும் சூளையிலும் கட்டட வேலையிலும் கூலிக்குப் போகும் பெரும்பான்மைப் பெண்களுக்கு இந்தச் சட்டங்களால் நடைமுறையில் ஒரு நாள் ஓய்வும் கிடைக்கவில்லை.

1950களில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஊர்ப்புறத்தில் எழத் தொடங்கியபோது நாட்டின் கவலை மக்கள்தொகைப் பக்கம் திரும்பியிருந்தது. மெட்ராஸ் மாநிலம் இதில் முந்திக்கொண்டது. அந்தப் பத்தாண்டின் இறுதியிலேயே கருத்தடை அறுவை செய்துகொள்பவருக்கு அரசு ரொக்கம் கொடுத்தது. பிள்ளை பெற்ற ஏழைத் தாய்க்கு அரசுப் பணம் கிடைக்க மேலும் முப்பது ஆண்டு ஆயிற்று என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1969இல் மத்திய அரசு பெரிய மருத்துவமனைகளில் பேறுகாலப் பிந்தைய திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பெயரைக் கேட்டால் தாயின் உடல்நலத்துக்கானது என்று தோன்றும். பிள்ளை பெற்ற கையோடு இருக்கும் பெண் கருத்தடைக்கு எளிதில் இணங்குவாள் என்பதே அதன் அடிப்படை. பிரசவத்துக்கு வந்தவள் அதே தங்கலில் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனும் முடித்துப் போவது தமிழ்நாட்டில் வழக்கமானது.

விரும்பிச் செய்துகொண்டவர்கள் மிகப் பலர். ஆயினும் சம்மதத்தின் எல்லை மங்கிய இடங்களும் இருந்தன. அமெரிக்க மானுடவியலாளர் சிசிலியா வான் ஹாலன் 1990களில் இங்கே களஆய்வு செய்து 2003இல் வெளியிட்ட நூலில், பிரசவம் முடிந்ததும் தங்களிடம் சொல்லாமலே காப்பர்-டி என்ற கருத்தடைச் சாதனத்தைப் பொருத்திவிட்டதாகப் பெண்கள் கூறியதைப் பதிவுசெய்திருக்கிறார். அரசு மருத்துவமனையைப் பற்றிப் பெண்களுக்கிருந்த அச்சத்தில் இதற்கும் பங்கு உண்டு.

1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. ஊர் மருத்துவச்சிகளுக்கு மீண்டும் பயிற்சி கொடுத்து, சோப்பும் புது பிளேடும் நூலும் அடங்கிய பை வழங்கினார்கள். சுத்தமான கை, சுத்தமான படுக்கை, சுத்தமான பிளேடு, சுத்தமான நூல், எதுவும் பூசாத தொப்புள் என்று ஐந்து சுத்தம் சொல்லிக் கொடுத்தார்கள். கருவுற்றவர்களுக்கு டெட்டனஸ் ஊசியும் பரவியது. தாய்சேய் டெட்டனஸ் ஒழிந்த நாடாக இந்தியா 2015இல் அறிவிக்கப்பட்டதற்கு இந்த நெடிய வேலையே காரணம். இரண்டாவது மாற்றம் கிராம சுகாதார செவிலியர். ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதில் ஒரு செவிலியர் என்று ஏற்பாடானது. ஊரார் அவரை நர்ஸம்மா என்றார்கள். கர்ப்பம் பதிவது முதல் குழந்தைக்குத் தடுப்பூசி முடிவது வரை அவர் கையில்தான். கூடவே கருத்தடைக்கு ஆள் சேர்க்கும் இலக்கும் அவர் தலையில் இருந்தது. பிரசவமான வீட்டுக்குள் அவர் நுழையும்போது நலம் விசாரிக்க வந்தாரா, ஆபரேஷனுக்கு அழைக்க வந்தாரா என்று வீட்டார் சந்தேகப்பட்டதில் வியப்பில்லை. பெண்சிசுக் கொலை வெளிச்சத்துக்கு வந்து, வேண்டாமென்று விடப்படும் குழந்தைகளை அரசே ஏற்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கிய பின், மதுரை, சேலம், தருமபுரி பக்கங்களில் அதே வருகை பிறந்த பெண் குழந்தை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் காவலாகவும் ஆனது.

தாயின் உயிர் மையத்துக்கு வந்தது 1994க்குப் பிறகு. அந்த ஆண்டு முதல் தமிழ்நாடு ஒவ்வொரு தாய் மரணத்தையும் தனித்தனியே விசாரிக்கத் தொடங்கியது. யாரைத் தண்டிப்பது என்பதைவிட எங்கே தாமதமானது என்பதே கேள்வி. ஆபத்தை உணரத் தாமதமா, வண்டி கிடைக்கத் தாமதமா, மருத்துவமனை சேர்ந்த பின் தாமதமா? மருத்துவமனையில் கேட்டார்கள், இறந்தவளின் வீட்டுக்கும் போய்க் கேட்டார்கள். பிரசவம் நல்லபடி முடிந்தது என்று எல்லாரும் நிம்மதியடைந்த பின் சில மணி நேரத்தில் உதிரம் போயே பலர் இறந்திருந்தார்கள். இதிலிருந்து பல நடவடிக்கைகள் பிறந்தன. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியரை முறைவைத்து 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க ஏற்பாடானது. தாலுகா, மாவட்ட அளவில் அவசரப் பேறுகாலச் சிகிச்சை மையங்கள் வந்தன. 2008இல் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. பெற்றவளை உடனே அனுப்பிவிடாமல் குறைந்தது இரண்டு நாள் வைத்துப் பார்ப்பது விதியாயிற்று. லட்சம் பிரசவத்துக்கு 2001-03இல் 134 ஆக இருந்த தாய் மரணம் 2018-20இல் 54 ஆகக் குறைந்தது. அதே 2018-20இல் இந்தியச் சராசரி 97.

பணமும் இந்தக் காலத்தில்தான் பொருட்படுத்தும் அளவுக்கு வந்தது. 1980களின் கடைசியில் சில நூறு ரூபாயோடு தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 2006இல் 6,000 ரூபாய், 2011இல் 12,000, 2018இல் 18,000 என உயர்ந்தது. 2006இல் சொன்ன கணக்கு தெளிவானது. பிரசவத்துக்கு முன் மூன்று மாதம், பின் மூன்று மாதம், மாதத்துக்கு ஆயிரம் வீதம் கூலியிழப்புக்கு ஈடு. நில உடைமைக் குடும்பத்துப் பெண்ணுக்குத் தாய்வீடு தந்த ஓய்வைக் கூலிக்காரப் பெண்ணுக்கு அரசு காசாகத் தர முயன்றது இதுவே முதல் முறை. பிற்பாடு தவணைகள் பரிசோதனைக்கும் குழந்தையின் தடுப்பூசிக்கும் முடிச்சுப் போடப்பட்டன. முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும் என்ற வரம்பு, மூன்றாவது பெற்றவளை விலக்கியது. சோகையும் உதிரப்போக்கும் அதிகம் தாக்கக்கூடியவளும் அவளே.

2015இல் அரசு மருத்துவமனைகளில் பிரசவித்த தாய்மாருக்குக் குழந்தை நலப் பரிசுப் பெட்டகம் வழங்கப்பட்டது. துண்டு, சட்டை, கொசுவலை, கிலுகிலுப்பை, சோப்பு என்று 16 பொருட்கள். அவற்றுள் ஒன்று சௌபாக்கிய சுண்டி லேகியம். நவீன மருத்துவத்தின் வாசலில் ஒன்றரை நூற்றாண்டு காத்திருந்த சுக்கு, கடைசியில் அரசு முத்திரையோடு உள்ளே போயிற்று.

வீடு தேடிச் செல்லும் பரிசோதனைக்கு உறுதியான அட்டவணை கிடைத்தது 2011இல். அந்த ஆண்டு தேசிய அளவில் தொடங்கிய வீடுசார் பச்சிளங்குழந்தைக் கவனிப்புத் திட்டம், மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களிலும், வீட்டில் பிறந்ததை முதல் நாளிலும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. பிற மாநிலங்களில் இதைச் செய்பவர்கள் ஆஷா பணியாளர்கள். தமிழ்நாட்டில் அவர்கள் பெரும்பாலும் மலையோர, தொலைதூரப் பகுதிகளில் மட்டும் இருப்பதால் பிற இடங்களில் சுமை கிராம சுகாதார செவிலியருக்கே. காய்ச்சல், உதிரப்போக்கு, தையல், மார்பு, இரத்த அழுத்தம், குழந்தையின் எடை, தொப்புள், மஞ்சள் காமாலை எல்லாம் பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துவிட்டு வர வேண்டும். தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி பிரசவங்களில் நூற்றுக்கு 45 அறுவைப் பிரசவங்கள். வயிற்றில் தையலோடு வீடு திரும்புகிறவளுக்குப் பழைய வேதுநீர்க் குளியலும் வயிற்றுக்கட்டும் பொருந்துமா என்ற புதுக் கேள்வியும் செவிலியரை நோக்கி வருகிறது.

மனத்தின் நிலை அட்டவணைக்கு வெளியே நெடுநாள் கிடந்தது. வேலூருக்கு அருகில் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் நடந்து 2002இல் வெளியான ஆய்வு, பிள்ளை பெற்ற பெண்களில் நூற்றுக்குப் பதினொருவருக்குப் புதிதாக மனச்சோர்வு நோய் வந்திருந்ததைக் கண்டது. வறுமை, ஆண் பிள்ளைக்கு ஆசைப்பட்ட வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உள்ள மனக்கசப்பு, கைவேலைக்கு ஆளில்லாமை ஆகியவை அதனுடன் சேர்ந்து காணப்பட்டன. தாய்வீடு என்றாலே ஆறுதல் என்ற நம்பிக்கைக்கு இது திருத்தம் சொல்கிறது.

இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. ஊர் மருத்துவச்சியின் தொழில் ஏறத்தாழ முடிந்துவிட்டது. அவள் செய்ததில் பிரசவத்தை மருத்துவமனை எடுத்துக்கொண்டது. பிந்தைய நாட்களின் குளியலையும் உடம்பு பிடித்துவிடுவதையும் இராத்துணையையும் அது எடுத்துக்கொள்ளவில்லை. அவை பாட்டிமாரிடம் போயின. பாட்டி இல்லாத நகரத்து வீடுகளில் குழந்தை குளிப்பாட்ட வரும் ஆயாவை நாட்கூலிக்கு அமர்த்துகிறார்கள், சிலர் தனியார் நிறுவனங்களின் பிரசவக் கவனிப்புச் சேவைகளை வாங்குகிறார்கள்.

தாய்வீட்டுக்குப் போகும் வழக்கம் மட்டும் மாறவில்லை. புகுந்த ஊரில் பதிந்தவள் வேறு மாவட்டத்தில் பிள்ளை பெற்று, மூன்று மாதம் கழித்துத்தான் திரும்புவாள். பதிவேடு ஒரு செவிலியரிடம், பெண் இன்னொரு செவிலியரின் எல்லையில். வருகைகள் விட்டுப்போனதற்கு இது பெரிய காரணமாக இருந்தது. கர்ப்பம் முதல் குழந்தையின் தடுப்பூசி வரை ஒரே எண்ணில் பதியும் பிக்மி என்ற கணினிப் பதிவு முறையை மாநிலம் முழுவதும் கொண்டுவந்ததன் நோக்கங்களுள் ஒன்று இந்த இடைவெளியை அடைப்பது. பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் கேட்கப்படுவதால் தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்களும் இப்போது கிராம, நகர்ப்புறச் செவிலியரிடம் பதிவு செய்கிறார்கள்.